விளைவா, பின்விளைவா, பலனா? ஓர் அறிவிப்புத் தாளால் வந்த கேள்வி

பினாங்கில் பாயான் லெப்பாஸ் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நிர்வாக அலுவலகத்தில் வேலை செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். அடுத்தவர் இடத்தில் காரை நிறுத்துகிறவர்களுக்காக மலாயில் ஓர் அறிவிப்பு தயாரானது. அதன் கடைசி வரியில், ஒரு செயலால் வரும் விளைவைக் குறிக்கும் 'அக்கிபாட்' என்ற சொல் இருந்தது. மேலாளர் அதைத் தமிழிலும் போடச் சொல்ல, நீங்கள் 'மீறுவோர் பின்விளைவுகளைச் சந்திக்க நேரிடும்' என்று எழுதி லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினீர்கள். மறுநாளே மாடியில் குடியிருக்கும் பெரியவர் ஒருவர் வந்து, "என்னம்மா, ஆள் வச்சு அடிப்பீங்களா?" என்று கேட்டாராம். இன்னொருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். விளைவு என்றாலே பின்னால் வருவதுதான், அதற்கு இன்னொரு 'பின்' எதற்கு, இது 'கேட்டுக் கதவு' என்று சொல்வது மாதிரி இருக்கிறது என்று திருத்தினாராம். இப்போது நீங்கள் கேட்பது, பின்விளைவு என்பது சரியான தமிழ்ச் சொல்தானா, 'அக்கிபாட்' என்பதற்குத் தமிழில் எதைப் போடுவது என்று. எனக்கு என்னவோ, உங்களை உறுத்துவது அந்த ஆசிரியர் சொன்னதைவிடப் பெரியவர் கேட்டதுதான் என்று தோன்றுகிறது. அகராதிப்படி தப்பில்லாத ஒரு சொல் ஏன் மிரட்டல் மாதிரி கேட்டது? இரண்டுக்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு வருடம் நீதிமன்றத்தில் ஜுருபஹாசாவாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். முதலில் கோலாலம்பூர், கடைசிப் பத்து வருடம் பினாங்கு. மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றுக்கும் நடுவில் நின்று பேசிப் பேசியே தலை நரைத்தது. மொழியியல் படித்தவன் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. ஆனால் நீங்கள் கேட்கும் இந்த ஒரு சொல்லை வாரத்துக்குப் பத்து முறையாவது தமிழில் சொல்லியிருப்பேன். ஏன் என்று கீழே வருகிறது.

விளைவு என்பது வயலில் பிறந்த சொல். விளை என்றால் முற்று, பக்குவமாகு, உண்டாகு. விளைச்சல், விளைநிலம், விளைபொருள் எல்லாம் அதன் பிள்ளைகள். ஜார்ஜ் டவுன் லெபோ பாசாரில் தேங்காய் வாங்கும் அம்மாக்கள் காதுப் பக்கம் வைத்து ஆட்டிப் பார்த்து "நல்லா வெளைஞ்ச காயா குடுங்க" என்று கேட்பார்கள். அந்த 'வெளைஞ்ச'வும் உங்கள் அறிவிப்பில் இருக்கும் விளைவும் ஒரே வேர். மலையாளிகளிடம் 'விளவு' என்றால் இன்றும் அறுவடைதான். தமிழில்தான் வயலிலிருந்து செயலுக்கு அது வந்து சேர்ந்தது. அதுவும் நேற்று வந்ததில்லை. திருக்குறளில் 731-ஆம் குறள் 'தள்ளா விளையுள்' என்று குறையாத விளைச்சலைச் சொல்கிறது. 284-ஆம் குறள் 'களவின்கண் கன்றிய காதல் விளைவின்கண் வீயா விழுமம் தரும்' என்கிறது. திருடுவதில் முற்றிப்போன ஆசை, அது விளையும் காலத்தில் தீராத துன்பத்தைத் தரும் என்று பொருள். ஒரே நூலில் வயலும் இருக்கிறது, செயலின் விளைவும் இருக்கிறது. கன்றுதல், விளைதல் என்று இரண்டு சொல்லும் முற்றிப் பழுப்பதைச் சொல்வதையும் பாருங்கள். ஆகவே செயலுக்குப் பின்னால் வருவதை விளைவு என்று சொல்வது மொழிபெயர்ப்புக்காக யாரோ செய்த புதுச்சொல் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வயலில் பிறந்ததால் அந்தச் சொல்லுக்கு ஒரு குணம் உண்டு. தானாக அது நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. நெல்லும் விளையும், களையும் விளையும். 'இதன் விளைவாக' என்று செய்தியில் எழுதினால் பின்னால் எது வேண்டுமானாலும் வரலாம். ஆனால் பேச்சில் அது மெல்லக் கெட்டதின் பக்கம் சாய்ந்துவிட்டது. 'விளைவு என்ன ஆகும் தெரியுமா?' என்று ஒருவர் கேட்டால், சம்பளம் கூடும் என்ற பதிலை யாரும் எதிர்பார்ப்பதில்லை. 'புகை பிடித்தல் உடல் நலத்துக்குத் தீங்கு விளைவிக்கும்' என்ற வரியைத் தமிழ்ப் படம் பார்க்கிற எல்லாரும் கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கிறோம். அங்கே தீங்கு என்ற சொல் தனியாக இருக்கிறது, விளைவி என்பது உண்டாக்கு என்ற வேலையை மட்டும்தான் செய்கிறது. இருந்தாலும் பல வருடம் தீங்கோடும் கேட்டோடும் சேர்ந்து திரிந்ததால் அந்த வாடை இதிலும் ஒட்டிக்கொண்டது.

நல்ல பக்கத்துக்குப் பலன் என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். உழைப்பின் விளைவு என்று யாராவது எழுதினால் இலக்கணம் இடிக்காது, காது இடிக்கும். உழைப்பின் பலன் என்றால் சரியாக உட்காரும். ஆனால் பலனும் எப்போதும் இனிப்பு இல்லை. ராசி பலன் நல்லதும் சொல்லும், கெட்டதும் சொல்லும். 'சிகிச்சை பலனின்றி இறந்தார்' என்று பத்திரிகையில் படிக்கிறோமே, அங்கே பலன் என்பது எதிர்பார்த்த நன்மை. 'செஞ்சதுக்குப் பலன் அனுபவிக்கிறான்' என்று சொல்லும்போது அதே சொல் தலைகீழாகத் திரும்பிக்கொள்ளும். பயன் என்பது இப்போது பெரும்பாலும் உதவும் தன்மையைக் குறிப்பதற்குப் போய்விட்டது. முடிவு என்பது தீர்ந்த பிறகு கையில் கிடைப்பது. எஸ்.பி.எம். பரீட்சை முடிவுகள் என்கிறோம், எஸ்.பி.எம். விளைவுகள் என்றால் பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பொருள். வினை என்பது செயல்தான், ஆனால் வீட்டுப் பேச்சில் 'வினையா போச்சு' என்றால் செயல் முடிந்து அடி விழுந்துவிட்டது என்று அர்த்தம். வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்ற பழமொழியில் விதையும் வினைதான், அறுவடையும் வினைதான்.

இந்தச் சின்னச் சின்ன சாய்வுகள் எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் என்பதை நான் கற்றுக்கொண்டது ஒரு தப்பினால். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நம் மலேசியாவின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 173-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. மாஜிஸ்திரேட் முன்னால் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டால் உடனே தண்டித்துவிட முடியாது. அந்த ஒப்புதலின் தன்மையும் அதன் விளைவுகளும் அவருக்குப் புரிகின்றனவா என்று நீதிமன்றம் முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். மலாயில் 'சிஃபாட் டான் அக்கிபாட்' என்று அந்தக் கேள்வி வரும். கூண்டில் நின்றவர் தமிழர், ஐம்பது வயது இருக்கும், கடையில் ஏதோ எடுத்துவிட்டார் என்று வழக்கு. துவான், அதாவது மாஜிஸ்திரேட், கேட்டார், நான் மொழிபெயர்த்தேன்: "உங்கள் ஒப்புதலின் தன்மையும் பலனும் உங்களுக்குப் புரிகிறதா?" விளைவு என்று சொல்லாமல் பலன் என்று ஏன் சொன்னேன்? விளைவு என்பது புத்தகச் சொல், பாவம் இவருக்குப் புரியாது, பலன் என்றால் எல்லாருக்கும் புரியும் என்று எண்ணினேன். அவருக்கும் புரிந்தது. முகம் மலர்ந்து, "புரியுதுங்கய்யா, ஒத்துக்கிட்டா பலன் உண்டுன்னு வெளியிலயே சொன்னாங்க. இன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம்தானே?" என்றார்.

எனக்கு முதுகு வேர்த்துவிட்டது. ஒப்புக்கொண்டால் தண்டனை கொஞ்சம் குறையலாம் என்பது நடைமுறைதான், வெளியில் யாரோ அதைச் சொல்லியிருக்கிறார்கள். என் வாயிலிருந்து பலன் என்று வந்ததும், அரசாங்கமே அதற்கு உத்தரவாதம் கொடுத்ததாக மனிதர் எடுத்துக்கொண்டார். துவானிடம் சொன்னேன், நான் சொன்ன சொல் தப்பு, கேள்வியை மறுபடி கேட்க வேண்டும் என்று. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் கேள்வியைத் துண்டு துண்டாக உடைத்துக் கேட்டார். ஒப்புக்கொண்டால் சாட்சி விசாரணை நடக்காது, தெரியுமா? உங்களைக் குற்றவாளி என்று இன்றைக்கே தீர்மானிப்போம், தெரியுமா? சட்டத்தில் இருக்கும் தண்டனை எதுவும் கொடுக்கலாம், சிறையும் அதில் உண்டு, தெரியுமா? பிறகு மேல்முறையீடு செய்தாலும் தண்டனையின் அளவையும், அது சட்டப்படி சரியா என்பதையும் பற்றி மட்டும்தான் பேச முடியும், தெரியுமா? மூன்றாவது கேள்வியிலேயே அவர் முகம் மாறிவிட்டது. "அப்படின்னா நான் யோசிக்கணும்" என்றார். வழக்கு தள்ளிவைக்கப்பட்டது. அப்புறம் அவருக்கு என்ன ஆனது என்பது இந்தப் பதிலுக்குத் தேவையில்லாதது.

அந்த நாலு கேள்வியில் விளைவு என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? அன்றைக்குப் பிறகு நான் பலன் என்று சொன்னதில்லை. ஜுருபஹாசா தானாக எதையும் கூட்டிச் சொல்லக் கூடாது, அது எங்கள் வேலையின் முதல் விதி. அதனால் 'விளைவுகள்' என்றுதான் மொழிபெயர்ப்பேன். கேட்பவர் விழித்தால் துவானிடம் சொல்லி, அதை விரித்துக் கேட்கும்படி கேட்டுக்கொள்வேன். விழிக்காதவர்களைப் பார்த்தால்தான் எனக்கு இன்னும் பயமாக இருக்கும். 'விளைவு புரியுதா?' என்றால் 'புரியுது' என்று சொல்லிவிடுவது நம்மவர்கள் பழக்கம். என்ன புரிந்தது என்று திருப்பிக் கேட்டால்தான் சாயம் வெளுக்கும்.

இப்போது 'அக்கிபாட்' பக்கம் வருவோம். அது அரபியிலிருந்து மலாய்க்கு வந்த சொல். அரபியில் அதன் வேர் குதிகாலைக் குறிக்கும், குதிகாலைத் தொட்டுக்கொண்டே பின்னால் வருவது என்பது அடிப்படைக் கருத்து. தண்டனையைக் குறிக்கும் ஓர் அரபுச் சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். ஆக, நாம் அதே விஷயத்தை வயலில் நின்று பார்க்கிறோம், அரபிக்காரர்கள் நடந்துபோகிறவன் காலைப் பார்க்கிறார்கள். மலாயில் 'பாடா' என்று இன்னொரு சொல் உண்டு, அது கெட்ட விளைவுக்கு மட்டும். படகு தாண்டிப் போனால் பின்னால் இழுக்கலாம், பேச்சு தாண்டிப் போனால் 'பூருக் பாடாஹ்ஞா', அதாவது அதன் விளைவு பொல்லாதது என்று மலாய்ப் பழமொழி ஒன்று உண்டு. நிர்வாக அலுவலகத்தில் வேலை செய்கிறவர்கள் மேசையில் எழுதி வைத்துக்கொள்ளலாம்! தமிழில் 'பாடா'வுக்கு நெருக்கமாக வருவது வினை. மருந்துச் சீட்டில் வரும் 'கெசான் சம்பிங்ஙான்' நம்முடைய பக்க விளைவு. வருமான வரிக்காரர்களை எல்லாரும் 'ஹாசில்' என்கிறோமே, அந்த ஹாசிலுக்கு விளைச்சல், வருவாய் என்று பொருள். நாம் மகசூல் என்கிறோமே, அதுவும் அதே அரபு வேரிலிருந்து வந்ததுதான்.

பினாங்கில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் போனால் மனசு கேட்காது. வடமொழியில் 'பல' என்றால் பழம், காய்ப்பு. அதுதான் நமக்குப் பலன் ஆனது. அதே சொல் மலாய்க்குப் போய் 'பஹாலா' ஆனது. நல்ல காரியம் செய்தவருக்கு இறைவனிடம் கிடைக்கும் நற்பேறு அது. அங்கே அது நல்லதுக்கு மட்டும்தான், கெட்டதற்கு 'டோசா' என்று நம் தோஷத்தின் சொந்தக்காரச் சொல் ஒன்று இருக்கிறது. அந்த 'பல' இன்னொரு வழியாகவும் மலாய்க்குள் வந்தது. ஜாதிக்காய்க்கு வடமொழியில் ஜாதிபலம் என்று பெயர். தமிழர்கள் அதில் முன்பாதியை எடுத்து ஜாதிக்காய் என்றார்கள். மலாய்க்காரர்கள் பின்பாதியை எடுத்து 'பாலா' என்றார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மொலுக்காஸ் தீவுகளிலிருந்து ஜாதிக்காய், கிராம்புக் கன்றுகளைக் கொண்டுவந்து இந்தத் தீவில் நட்டது. இன்றைக்கும் பாலிக் புலாவ் பக்கம் போனால் ஜாதிக்காய்த் தண்ணீர் குடிக்காமல் யாரும் திரும்புவதில்லை. 2009-இல் இடிபட்ட நம்மவர்கள் குடியிருப்பான கம்போங் புவா பாலாவின் பெயரிலும் அந்தப் 'பல'தான் இருந்தது.

சரி, ஆசிரியர் எழுப்பிய கேள்வி. விளைவு என்றாலே பின்னால் வருவதுதானே, பின்விளைவு என்பது கூறியது கூறல் இல்லையா? ஒரு விதத்தில் அவர் சொல்வது நியாயம். செயலுக்கு முன்னால் யாருக்கும் விளைவு வருவதில்லை. உங்கள் அறிவிப்பில் விளைவு என்று மட்டும் போட்டிருந்தாலும் பொருள் ஒன்றும் குறைந்திருக்காது. ஆனால் அதற்காகப் பின்விளைவு என்ற சொல்லையே தள்ளிவைக்க நான் தயாரில்லை. அதற்கென்று ஒரு வேலை இருக்கிறது. உடனே வருவதையும் காலம் கழித்து வருவதையும் பிரித்துக் காட்டும் வேலை.

என் அப்பா சிலாங்கூரில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். கித்தா மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், பால் எடுக்கப் பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். கொஞ்சம் ஆழமாகக் கத்தியை விட்டால் அன்றைக்கு மங்கில், அதாவது பால் பிடிக்கும் கிண்ணத்தில், பால் கூடுதலாக இறங்கும். அது அந்தச் செயலின் விளைவு, அன்றைக்கே பத்து மணிக்குள் கண்ணில் தெரியும். ஆனால் பட்டைக்கு உள்ளே மரம் வளர்கிற மெல்லிய அடுக்கில் காயம் பட்டுவிடும். சில வருடம் கழித்து அந்த இடத்தில் புதுப்பட்டை வளரும்போது சமமாக வளராது, முண்டும் முடிச்சுமாகக் கிளம்பும். மறுசுற்றில் அந்தப் பக்கம் வெட்ட வரும் ஆள் கத்தியே ஓடாமல் திண்டாடுவார். அவர் வேறு ஆளாகக்கூட இருக்கலாம். இதைத்தான் நான் பின்விளைவு என்பேன். விளைவு மங்கில் இருந்தது, பின்விளைவு பட்டைக்குள் இருந்தது. அப்பா இந்தச் சொற்கள் எதையும் பயன்படுத்தியதில்லை. புதிதாக வேலைக்கு வருகிற பையன்களிடம் "காயம் போடாதடா, பின்னாடி மரம் பேசும்" என்பார்.

மருத்துவத்திலும் இந்தப் பிரிவு உதவுகிறது. இனிப்பு நீருக்கு, அதாவது சர்க்கரை நோய்க்கு, மாத்திரை சாப்பிட்டால் சிலருக்கு வயிற்றைப் பிரட்டும், அது பக்க விளைவு. மாத்திரை எதற்காகக் கொடுக்கப்பட்டதோ அதற்குப் பக்கத்தில் வேண்டாத விருந்தாளியாக வருவது. மாத்திரையைச் சாப்பிடாமல் பத்து வருடம் விட்டுவிட்டால் கண்ணும் சிறுநீரகமும் கால் நரம்பும் கெடும், அது பின்விளைவு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, பக்க விளைவுக்குப் பயந்து பின்விளைவை வாங்கிக்கொள்கிறவர்கள் நம் குடும்பங்களில் நிறைய. எதிர்விளைவு என்பது வேறு. நினைத்ததற்கு நேர்மாறாக நடப்பது அது. படி படி என்று பிள்ளையை அடிக்க, அவன் புத்தகத்தையே வெறுத்துவிட்டால் அது எதிர்விளைவு. எதிர்வினை என்பது வெறும் பதில் நடவடிக்கை, அதில் நல்லது கெட்டது இல்லை. பத்திரிகைகளில் இந்த இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள், எனக்குப் பிடிக்காத பழக்கம்.

இப்போது அந்தப் பெரியவர். அவர் ஏன் அடிப்பீங்களா என்று கேட்டார்? பழியை நான் பின்விளைவு மேல் போட மாட்டேன். 'சந்திக்க நேரிடும்' என்பதுதான் குற்றவாளி. தமிழில் விளைவைச் சந்திப்பது பழைய வழக்கம் இல்லை. நாம் அனுபவிப்போம், படுவோம், வாங்கிக் கட்டிக்கொள்வோம். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான். விளைவு ஏதோ தெருமுனையில் நிற்கும் ஆள் மாதிரியும் நாம் போய் அவரைச் சந்திக்கப் போவது மாதிரியும் எழுதும் வழக்கம் ஆங்கில அறிக்கைகளிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். இது என் ஊகம்தான், நிரூபிக்கப்பட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கிருந்து வந்திருந்தாலும், அரசியல்வாதிகள் அறிக்கையிலும் சினிமா வில்லன் வாயிலும் குடியேறி வெகுநாளாகிவிட்டது. 'பின்விளைவுகள் பயங்கரமா இருக்கும்' என்று சொல்கிறவர் கையில் கத்தி இருப்பதைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். பெரியவரும் அதே படங்களைப் பார்த்து வளர்ந்தவர்தானே.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. மிரட்டுகிறவர் என்ன செய்யப் போகிறார் என்று சொல்ல மாட்டார். சொல்லாமல் விட்டால்தான் கேட்பவர் மனம் தானாகக் கற்பனை செய்து பயப்படும். உங்கள் அறிவிப்பும், நீங்கள் நினைக்காமலே, அதைத்தான் செய்தது. காருக்கு என்ன ஆகும் என்று அதில் இல்லை. இங்கே தடைசெய்யப்பட்ட இடங்களில் சிவப்புப் பலகை ஒன்று வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். நாலு மொழியில் எழுத்து, நடுவில் துப்பாக்கி நீட்டும் ஒரு காவலரும் கையைத் தூக்கி நிற்கும் ஓர் ஆளும். எழுத்துத் தெரியாதவருக்கும் உள்ளே போனால் என்ன ஆகும் என்பது அந்தப் படத்தில் தெரிந்துவிடும். அது மிரட்டல்தான், ஆனால் விவரமான மிரட்டல்.

நம் வீட்டுப் பேச்சும் அப்படித்தான். விளைவு என்ற பெயர்ச்சொல்லை எந்த அம்மாவும் அடுப்படியில் பயன்படுத்துவதில்லை. "மழையில நனைஞ்சா காய்ச்சல் வரும்." "கூட ரெண்டு மிளகாய் போட்டா நைட்டு நீதான் எழுந்து ஓடணும்." "ஃபோனைப் பார்த்துக்கிட்டே ஓட்டுனா சமன் வரும்." "சொல்றதைச் சொல்லிட்டேன், அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது." இவை எல்லாமே விளைவைச் சொல்லும் வாக்கியங்கள். '-ஆல்' என்று ஒரு நிபந்தனையை வைத்து, அதன் பின்னால் ஒரு வினையைப் போட்டு முடித்துவிடுகிறோம். செய்தால் வரும், போட்டால் ஓடும். இந்த '-ஆல்'தான் தமிழின் உண்மையான 'அக்கிபாட்' என்று சில நாள் எனக்குத் தோன்றும். நீதிமன்றத்தில் துவான் கேட்ட நாலு கேள்வியும் 'ஒப்புக்கொண்டால்' என்ற நிபந்தனையின் மேல்தான் நின்றன.

சந்தேகத்துக்கு இடமான சில விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்குக் கீழே இரண்டு பேர் அவற்றை அடித்துச் சொல்லியிருக்கிறார்கள். வினையும் விளைவும் ஒரே வேர் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டும் காதுக்குப் பக்கத்தில் இருக்கின்றன, பொருளும் பக்கத்தில் இருக்கிறது, அந்தப் பழமொழி வேறு இரண்டையும் ஒரு வயலில் கொண்டுவந்து விடுகிறது. ஆனால் ஒன்று னகரம், ஒன்று ளகரம். ஒலி ஒப்புமையை மட்டும் வைத்து உறவு சொன்னால் விலையும் விளையும்கூட அண்ணன் தம்பி ஆகிவிடும். நான் ஏற்பதில்லை. பழம் என்ற தமிழ்ச் சொல்லிலிருந்துதான் வடமொழியின் 'பல' பிறந்தது என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். அப்படிச் சொல்லும் அறிஞர்கள் உண்டு, மறுப்பவர்களும் உண்டு. எனக்குப் பிடித்த கருத்துதான், ஆனால் பிடித்திருக்கிறது என்பதற்காக முடிந்த விஷயம் மாதிரிச் சொல்ல மாட்டேன்.

ஒரு சின்னத் திருத்தமும் உண்டு. நீங்கள் கேள்வியில் 'மோசமான விளைவுகளை ஏற்படுத்தும் விளைவு உண்டாகும்' என்று ஒரு மாற்று வாக்கியம் எழுதியிருக்கிறீர்கள். விளைவு தானாகவே உண்டாவது. அதை ஏற்படுத்தி, மறுபடி உண்டாக்க வேண்டியதில்லை. கேடு விளையும், அல்லது கேடு விளைவிக்கும், அவ்வளவுதான்.

உங்கள் தாளுக்கு வருகிறேன். 'அக்கிபாட்' என்பதை ஒரு சொல்லாகப் பெயர்க்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. நீங்கள் சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் நிற்கவில்லை, லிஃப்டுக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள். மேலாளரிடம் போய், மீறினால் உண்மையில் என்ன செய்யப் போகிறோம் என்று கேளுங்கள். சக்கரத்தைப் பூட்டுவீர்களா, எவ்வளவு கட்ட வேண்டும், எங்கே வந்து கட்ட வேண்டும்? அது தெரிந்துவிட்டால் தமிழ் தானாக வந்துவிடும். எனக்குத் தெரிந்த மாதிரி ஒன்று எழுதித் தருகிறேன், தொகையை மாற்றிக்கொள்ளுங்கள்: 'மற்றவருக்கு ஒதுக்கிய இடத்தில் காரை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் சக்கரத்துக்குப் பூட்டுப் போடுவோம். பூட்டைத் திறக்க 50 வெள்ளியைக் கீழ்த்தள அலுவலகத்தில் கட்ட வேண்டும்.' இதில் விளைவும் இல்லை, பின்விளைவும் இல்லை, ஆசிரியர் திருத்த ஒன்றும் இருக்காது. பெரியவர் வந்தால் 50 வெள்ளி அதிகம் என்று சண்டை போடுவார், அதற்கு நீங்கள் மேலாளரைக் கைகாட்டிவிடலாம்.

மலாய் வாசகத்தில் 'பூட்டும்போது காருக்கு ஏதாவது ஆனால் நிர்வாகம் பொறுப்பல்ல' என்று இன்னொரு வரியும் இருந்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள். அதை நேராக மொழிபெயர்த்துப் போடலாம், தமிழில் ஒரு சிக்கலும் இல்லை. ஆனால் அப்படி ஒரு வரி எழுதிவிட்டால் பொறுப்பு உண்மையிலேயே போய்விடுமா, பூட்டுப் போட நிர்வாகத்துக்கு அதிகாரம் உண்டா என்பதெல்லாம் ஜுருபஹாசாவிடம் கேட்கிற கேள்வி இல்லை. ஒட்டுவதற்கு முன்னால் உங்கள் குடியிருப்பின் வழக்கறிஞரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.